ஓயாமாவுக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

ஒரு மொழியைக் கரைத்துக் குடித்தவர்கள் அடக்கமாகத்தான் இருப்பார்கள். அதில் ஒரே ஒரு எழுத்தைக் கற்றவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் நான் அப்படியொரு ஆபத்தான பெண்ணாக உலவிக்கொண்டிருந்தேன்.

ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த சமயம். ஜப்பான் ப்ராஜெக்ட் வரப்போகிறது, மொழி தெரிந்தவர்களை ஒசாகாவுக்கு அனுப்புவார்கள் என்று கேன்டீனில் பேச்சு. அன்றைக்கே மல்லேஸ்வரத்தில், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் நடந்த மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

முதல் காஞ்சி எழுத்து (இட்லிக்குச் சம்பந்தமில்லை, ஜப்பானியர்களின் சித்திர எழுத்துக்கு அதுதான் பெயர்) 大. கையையும் காலையும் விரித்து ஓர் ஆள் நிற்பது போல இருக்கும். ‘பெரிய’ என்று பொருள். மூன்றே கோடு. எழுதுவது சுலபம், வாசிப்பதுதான் வம்பு. சில சொற்களில் அது ‘தாய்’, சிலவற்றில் ‘ஓ’.

“பக்கத்துல எந்த எழுத்து உக்காந்திருக்குன்னு பாத்துட்டுதான் வாயத் தொறக்கணும்” என்றார் டீச்சர்.

நான் ‘தாய்’ வரைக்கும் கேட்டுவிட்டு செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தேன்.

அடுத்த வாரமே மேனேஜர் நாகராஜ் ஒரு ஃபேக்ஸை நீட்டினார். “கிளையண்ட் சனிக்கெழம வராரு. பேரு ஜப்பானீஸ்ல இருக்குது. நீ படிக்கிறியாமே, என்னம்மா இது?”

大山. முதல் எழுத்து என்னுடையது! இரண்டாவது மலை, ‘யாமா’. வகுப்புச் சுவரில் படத்தோடு மாட்டியிருந்தார்கள்.

“தாய்யாமா, சார்!”

“பரவால்லியே! ஏர்போர்ட்டுக்கு நீயே போ. போர்டும் நீயே எழுதிடு.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெள்ளை அட்டையில் கறுப்புப் பெயின்ட்டால் அந்த இரண்டு எழுத்தையும் எழுதி ஹாலில் காயவைத்தேன். காலையில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அள்ளிக்கொண்டு ஓடினேன்.

விமானம் வந்தது. பயணிகள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் அட்டையோடு நானும், பெட்டியோடு ஒரு பருமனான ஜப்பானியரும்தான் மிச்சம். அவர் என் அட்டையைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கிட்டே போய், ‘நீங்கள் இன்னார்தானா?’ என்று கேட்பதற்காக மனப்பாடம் செய்திருந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்.

“தாய்யாமா-சான் தெஸ்கா?”

அவர் இடுப்பு வரை குனிந்து, மிகுந்த வருத்தத்தோடு, “நோ” என்றார்.

என் ஒசாகா விமானம் நான் ஏறாமலே கிளம்பிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்து டெலிஃபோன் பூத்துக்குள் ஓடி மேனேஜரைக் கூப்பிட்டேன்.

“சார், தாய்யாமா வரவே இல்ல சார்!”

“இரும்மா, இன்னொரு லைன்ல யாரோ ஓயாமாவாம். ஏர்போர்ட்ல நிக்கறாராம், கூட்டிட்டுப் போக ஆளே வரலங்கறாரு. எத்தன பேரும்மா வராங்க?”

அப்போது ஹைதராபாத் விமானத்துக்கான அறிவிப்பு அலறியது.

“அய்யோ கர்மா!” என்றார் நாகராஜ். “ரெண்டு ஃபோன்லயும் ஒரே ஹைதராபாத் கேக்குது. பக்கத்துல பாரும்மா!”

பக்கத்து பூத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அதே பருமனான மனிதர் ரிசீவரைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தோம். அவர் தன் மூக்கைத் தொட்டு, “ஓயாமா” என்றார். பிறகு என் அட்டையில் முதல் எழுத்தின் வலது தோளைக் காட்டினார். அங்கே பளபளவென்று ஒரு கறுப்புப் பொட்டு! நான் வைக்காத பொட்டு.

“இனு” என்றார். நான் விழித்தேன். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “வன் வன்” என்றார். (ஒண்ணாம் நம்பர் கேட்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.) கடைசியில் பெருமூச்சோடு இங்கிலீஷில் சொன்னார்: “டாக்.” (ஜப்பான் நாய்கள் ‘வன் வன்’ என்றுதான் குரைக்குமாம்.)

தோளில் ஒரு புள்ளி விழுந்தால் ‘பெரிய’ என்பது 犬, அதாவது ‘நாய்’ ஆகிவிடும். பெரியமலையை வரவேற்கப் போன நான், நாய்மலை என்று பேரெழுதி இவ்வளவு நேரமாகத் தூக்கிப் பிடித்திருக்கிறேன்!

பதறிப்போய் விரலை எச்சிலில் தொட்டுத் தேய்த்தேன். பொட்டு போய்விட்டது. ஆனால் விரலில் ஒட்டிய மை, அட்டையை மாற்றிப் பிடிக்கும்போது எழுத்தின் இரண்டு காலுக்கும் நடுவில் அழுத்தமாகப் பதிந்தது. அவர் குனிந்து பார்த்தார். தோள்கள் குலுங்கின.

“நவ்... ஃபேட்” என்றார். 太. அங்கே புள்ளி விழுந்தால் ‘குண்டு’! தன் தொப்பையைத் தட்டிக்கொண்டு, “திஸ், கரெக்ட்” என்று சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அழுவதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். “அட்டையில கண்மைய வெச்சது யாரு?”

“நான்தான். கொழந்த கைய விரிச்சிட்டு நிக்கற மாதிரி அழகா இருந்துச்சு. ஏர்போர்ட்ல நாலு பேரு கண்ணு படும்னு ஒரு திருஷ்டிப் பொட்டு வெச்சேன். அதுக்கு என்னாடி இப்ப?”

ப்ராஜெக்ட் வந்தது. ஒசாகாவுக்கு வேறொருவர் போனார். நாகராஜ் என்னிடம், “நீ இனிமே சி ப்ளஸ் ப்ளஸ் மட்டும் படி, சாக்கு” (கன்னடத்தில் ‘போதும்’) என்று சொல்லிவிட்டார். ப்ராஜெக்ட் வந்ததே தன் பொட்டினால்தான் என்று அம்மா இன்றுவரை நம்புகிறாள்.

அப்பா மட்டும் என்னை விடுவதாக இல்லை. இப்போதும் எங்கள் தெருவில் எந்த நாய் குரைத்தாலும், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

“அம்மாடி, உங்க கிளையண்ட் வந்திருக்காரு. மரியாதையா உள்ள கூப்பிடு.”