கண்ணாடித் தட்டுக்கு விரித்த பாய்

லைப்சிக்,
ஞாயிறு காலை

அன்பும் மதிப்பும் உள்ள கணேசலிங்கம் அத்தானுக்கு,

உங்கள் தங்கை ரஞ்சினியின் கணவன் முருகேசு எழுதுவது. நாங்கள் இங்கு சுகம். கொலோனில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உண்மையில் ரஞ்சினி வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. போனில் சொல்லலாம் என்றால் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். அதனால்தான் கடிதம்.

குளிருக்கு நல்லதென்று நீங்கள் சொல்லி, ஹோலில் விறகு அடுப்பு ஒன்று வைத்தோமல்லவா? புகைபோக்கியைச் சோதிக்க வந்த பெண்மணி, மரத்தரையில் பொறி விழாதபடி அடுப்புக்கு முன்னால் பலகைபோல ஒரு கண்ணாடித் தட்டுப் போட்டால்தான் நெருப்பு மூட்டலாம் என்றார். போட்டோம். அவரும் திரும்ப வந்து பார்த்துச் சரியென்று போனார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உங்கள் தங்கையை உங்களுக்குத் தெரியும். வாங்கி எத்தனையோ வருடமான சோபாவுக்கு இன்னும் பொலித்தீன் கழற்றாதவள். புதுக் கண்ணாடியில் கீறல் விழுமென்று அதன்மேல் ஒரு பழஞ்சேலையை விரித்தாள், சேலை அழுக்காகுமென்று அதன்மேல் ஒரு பாயைப் போட்டாள். "நிலத்துக்குத் தட்டுக் காவல், தட்டுக்குச் சேலை காவல், சேலைக்குப் பாய் காவல். இனிப் பாய்க்கு ஆர் காவல்?" என்று கேட்டேன். "நீங்கள்தான். சும்மாதானே இருக்கிறியள்" என்றாள்.

காவல் இருந்தேன், அத்தான். விறகு மட்டும் நான் மலிவாய் வாங்கிய ஊசியிலை மரம். பிசின் பிடித்தது, வெடிக்கும் என்று கடைக்காரன் சொன்னதுதான். அடுப்புக் கதவைத் திறந்து ஒரு துண்டைத் தள்ளினேன். பட்டென்று ஒரு பொறி பறந்து நேரே பாயில் போய் உட்கார்ந்தது. வெறுங்கண்ணாடியில் விழுந்திருந்தால் தானாக அணைந்திருக்கும். பாய் பற்றி, சேலை புகைந்து, புகை மணி அலறி, "ஐயோ, தண்ணியைக் கொண்டு வாங்கோ!" என்று அவளும் அலற, நான் வாளியோடு ஓடிவந்து வழுக்கி, தண்ணீரையும் வாளியையும் சேர்த்தே போட்டேன். நெருப்பு அணைந்தது. தட்டு உடைந்தது. நெருப்புக்குத் தப்பிய தரை தண்ணீர் குடித்து ஊதி, இப்போது ஹோல் கதவு பாதிதான் திறக்கிறது. நான் வயிற்றை எக்கிக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.

"ஒரு பாயைப் பார்க்க ஏலாத மனிசன்!" அவள் கடைசியாகப் பேசியது அதுதான். எனக்கும் கோபம்தான். ஆனாலும் அவள் பேசாத வீட்டில் தேநீர்கூட ருசிப்பதில்லை. தயவுசெய்து அவளுக்கு ஒரு போன் எடுத்து, புதுத் தட்டு வந்தால் அதன்மேல் ஒரு கைக்குட்டைகூட விரிக்கக் கூடாதென்று அண்ணனாகக் கண்டித்துச் சொல்லுங்கள். அப்படியே என்னோடு பேசவும் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கும்
முருகேசு

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுமுன் திங்களாகி, புதுத் தட்டும் வந்துவிட்டது. ரஞ்சினி தானாகவே பேசினாள்: "நீங்கள் சொன்னது சரிதான். நான் ஒண்டும் விரிக்கேல்லை. உந்தத் தட்டிலை ஒட்டியிருக்கிற பொலித்தீனை உரிச்சுப்போட்டு நெருப்பை மூட்டுங்கோ." அத்தான், என்ன மினுக்கம் அந்தத் தட்டு! உரிக்க எனக்கு மனம் வரவில்லை. இருவரும் குளிர்ச்சட்டையோடு வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவளுக்குப் போன் எடுக்க வேண்டாம், எனக்கு எடுத்துக் கண்டியுங்கள். வெட்கத்தில் இப்போது பேசாமல் இருப்பது நான்தான்.