பச்சைக் கோடு

இந்த ஊரில் நாற்பத்தோரு பஸ்கள் என் சொல்படி ஓடுகின்றன. டிப்போவில் கால அட்டவணை போடுகிற அதிகாரி நான். அதிகாரி என்று நான் சொல்லிக்கொள்கிறேன், சம்பளச் சீட்டில் எழுத்தர் என்று இருக்கிறது. எந்த பஸ் எங்கே எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும், எல்லாம் என் பேனா முனையில். அப்படிப்பட்ட என் வீட்டில் ஐந்து மாதமாக ஒரு காரியம் நேரத்துக்கு நடக்கவில்லை. காரணம், ஐந்து மாதத்துக்கு முன் வந்து இறங்கிய என் மகள். அவள் தூங்கும் நேரத்தில் சிரிப்பாள், குளிக்கும் நேரத்தில் தூங்குவாள், நாங்கள் சாப்பிட உட்காரும் நேரத்தைத் தன் சொந்தக் காரியங்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தாள்.

இதனால் நான் இழந்தது கேரம். தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை டிப்போ மனமகிழ் மன்றத்தில் ஆடுவேன். ஸ்டோர் கீப்பர் என் ஜோடி. சிவப்புக் காயைக் கண்டால் விடமாட்டார் என்பதால் அவருக்கு ரெட்டு என்றே பெயர். ஆறு வருஷம் முட்டி மோதி, பந்தய நாளில் மட்டும் எப்படியோ ஓடிப் போய், இந்த வருஷம்தான் இரட்டையர் அரையிறுதிக்கு வந்திருந்தோம். ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது, வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு.

என் மனைவி இழந்தது வேறு. அவள் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். ஐந்து மாதமாகப் பென்சிலை அவள் கொண்டையில் செருகத்தான் பயன்படுத்தினாள். அந்தச் சமயம் பார்த்துப் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. தூக்கம் வராத கரடி ஒன்றின் கதை, பன்னிரண்டு படம், இன்னும் மூன்று வாரம், அதற்குள் வராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்றார்கள். அவள் சரி என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகு வெள்ளைத் தாளைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"கை மறந்துபோச்சோன்னு பயமா இருக்குங்க" என்றாள்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, உண்மையிலேயே. அவள் படம் போடாத வீடு எனக்கும் பிடிக்கவில்லை. அதே சமயம் அரையிறுதியும் ஞாபகம் வந்தது. ஒரே கல்லில் இரண்டையும் அடித்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரு பெரிய சார்ட்டில் வீட்டுக்கான கால அட்டவணை தயாரித்தேன். காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை. மூன்று கோடுகள், மூன்று மைகள். குளியல், பால், தூக்கம், துணி, சமையல், படம் போடுதல் எல்லாம் நிமிஷக் கணக்கில் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. ஆறு முதல் எட்டு வரை 'தகப்பனார் வெளிப்பணி' என்று கௌரவமாக எழுதினேன். கேரம் என்று எழுதினால் அட்டவணைக்கு மரியாதை இருக்காது. சுவரில் ஒட்டிவிட்டு, திறப்பு விழாவுக்கு வந்தவன் மாதிரி ஓரமாக நின்றேன்.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள்.

"நீலக் கோடு யாரு?"

"பாப்பா."

"சிவப்பு?"

"நீதான்."

"அப்ப பச்சை நீங்க. பச்சை ரொம்பக் கொஞ்சமா இருக்கே?"

"பச்சை மை தீர்ந்துபோச்சு" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

அவள் சிவப்புக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனாள். சூடாக டீ குடிக்க நேரம் எங்கே என்று கேட்டாள். ஐந்து மாதமாக ஆடை படிந்த டீதான் குடிக்கிறாளாம். துணி மடிக்கும்போதே குடிக்கலாம் என்றேன். ஜன்னலில் நிற்க நேரம் எங்கே என்று கேட்டாள். ஜன்னலில் என்ன வேலை என்றேன். சும்மா என்றாள். கையில் எதுவும் இல்லாமல் தெருமுனை வரை நடந்துவிட்டு வர வேண்டும், அதுவும் சும்மாதான் என்றாள். பதினாறு வருஷ அனுபவத்தில் 'சும்மா' என்று ஒரு கட்டம் போட்டு எந்த பஸ்ஸையும் நான் ஓட்டியதில்லை என்று எடுத்துச் சொன்னேன்.

"உங்க பஸ் கடைசி ஸ்டாப்புக்குப் போனதும் உடனே திருப்பிடுவீங்களா?" என்று கேட்டாள்.

தொழில் பற்றி யாராவது கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. "அதெப்படி? டிரைவர் இறங்கி நின்னு கை காலை நீட்டணும். எட்டு நிமிஷம் கட்டாயம் விடணும். அதை மிச்சம் பிடிக்கிறேன்னு வெட்டினா சாயங்காலத்துக்குள்ள மொத்தத் தடமும் நாறிடும்" என்று பாடம் நடத்தினேன்.

"இந்தச் சிவப்புக் கோட்டுல அந்த எட்டு நிமிஷம் எங்கங்க?"

டிப்போ வேறு, வீடு வேறு என்று சொல்லிக் குளியலறைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. அட்டவணை நன்றாகவே இருக்கிறது, நாளைக்கே ஓட விடலாம், உங்கள் டிப்போ வழக்கப்படியே செய்துவிடலாம் என்றாள். டிப்போவை அவள் மதித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

திங்கள் காலை ஆறு மணிக்குக் குழந்தை என் மடியில் வந்து விழுந்தது.

"என்ன இது?"

"புது அட்டவணை. போட்டவர்தானே கூடவே போகணும்?"

எங்கள் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தடத்துக்கு அட்டவணை போட்டவன் அந்த பஸ்ஸிலேயே ஏறிப் போக வேண்டும். முதல் ட்ரிப்பிலிருந்து மாலை ஆறு மணி ட்ரிப் வரை ஒரு முழு நாள் நிமிஷம் பிசகாமல் ஓடினால்தான் அவன் இறங்கலாம். அதுவரைக்கும் அவனுக்கு வேறு வேலை கிடையாது. இந்த வழக்கத்தின் பெருமையைப் பெண் பார்க்கப் போன அன்றே அவளிடம் சொன்னவன் நான். அதற்குப் பிறகும் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, நான் பத்து வருஷம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தேன்.

பால் கொடுப்பது மட்டும் தன் பொறுப்பு, மற்றபடி நீலக் கோடு முழுவதும் உங்கள் தடம் என்று சொல்லிவிட்டாள். நான் பயப்படவில்லை. இருபத்திரண்டு நாள் லீவு சேர்த்து வைத்திருந்தேன். ஒரே ஒரு நாள் சரியாக ஓட்டிக் காட்டினால் போதும், புதன்கிழமை கேரம் பலகை முன்னால் இருப்பேன் என்று ரெட்டுவுக்குப் போன் செய்தேன்.

முதல் நாள் எட்டு ஐந்துக்குக் குளியல். எட்டு ஐந்துக்கு மகள் தூங்கிவிட்டாள். எழுப்பிக் குளிப்பாட்டினேன். பத்தரை மணித் தூக்கத்துக்கு அவள் வரவில்லை, பதினொன்றே முக்காலுக்கு என் தோளில் வந்தாள். இறக்கினால் விழிக்கிறாள். உட்கார்ந்தால் விழிக்கிறாள். நான் இருமினால் விழித்து, என்ன சத்தம் என்பது போல என்னைப் பார்க்கிறாள். ஆகவே ஒரு மணி நேரம் அட்டவணைக்கு எதிரிலேயே நின்றேன். என் டீயில் ஆடை படிந்து, அந்த ஆடையின் மேல் இன்னொரு ஆடையும் படிந்தது.

என் மனைவி அந்த நேரத்தில் என்ன செய்தாள் என்கிறீர்கள்? ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஆவி பறக்க டீ குடித்தாள். மடியில் மளிகை லிஸ்ட் எழுதுகிற சின்ன நோட்டு. குடிப்பாள், நிமிர்ந்து பார்ப்பாள், எழுதுவாள். பிற்பகலில் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, சும்மா ஒரு நடை போய்விட்டு வருகிறேன் என்று கிளம்புவாள். போனால் ஒன்றரை மணி நேரம். தெருமுனை என்ன அவ்வளவு தூரத்திலா இருக்கிறது?

இப்படிப் பதினோரு நாள். ஒரு நாள் பதினெட்டு நிமிஷம் தாமதம், ஒரு நாள் ஒன்றேகால் மணி நேரம், ஒரு நாள் காலைக் குளியலே மாலை நாலு மணிக்குத்தான் புறப்பட்டது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழந்தை எந்தத் தோளில் போட்டால் தூங்கும் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. இடது தோள், முகம் வெளிப்பக்கம், வாயால் பஸ் என்ஜின் சத்தம், முதல் கியர் மட்டும். டிப்போவில் யாருக்கும் இது தெரியாது. உலகத்திலேயே எனக்கு மட்டும் தெரிந்த வித்தை அது. சந்தோஷமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கோபமும் இருந்தது. பதினோரு நாளில் என் மனைவி பெரிய தாளைத் தொட்டு நான் பார்க்கவில்லை. பதினோரு நாளாக எழுதுகிற மளிகை லிஸ்டுக்குக் கடையே வீடு தேடி வந்துவிடும். மாடியில் குடியிருக்கிற தையல்கார அக்காவிடம் படியில் வைத்து முறையிட்டேன். நான் லீவை எரித்துக்கொண்டிருக்கிறேன், இவள் ஜன்னலில் நின்று தெருவை வேடிக்கை பார்க்கிறாள், புத்தகம் கை நழுவிப் போகப் போகிறது, நீங்களாவது சொல்லக்கூடாதா என்றேன். அக்கா வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு கேட்டார். அவர் சிரிக்காமல் இருக்கத்தான் ஊசியைக் கடித்தார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

அன்றைக்கு என்ன அதிசயமோ, தடம் வழுக்கிக்கொண்டு ஓடியது. எட்டு ஐந்துக்குக் குளியல் என்றால் எட்டு ஐந்து. பத்தரைக்குத் தூக்கம் என்றால் பத்தரை. ஒவ்வொரு கட்டத்துக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். மூன்று மணிக்கு மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அதற்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் ஒரு டிக் போட்டேன். ஐந்து மணிக்குத் தலை வாரி, சட்டை மாற்றி, என் சொந்த ஸ்ட்ரைக்கரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மிச்சம் இருந்தது ஒரே கட்டம், ஐந்தே முக்காலுக்குத் தூக்கம். ஆறு மணிக்கு வந்து கூட்டிப் போவதாக ரெட்டு சொல்லியிருந்தார்.

ஐந்து நாற்பதுக்குச் சோபாவில் சாய்ந்து, குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டேன். முதல் கியரில் என்ஜினைக் கிளப்பினேன். கண்கள் செருகின. கை என் சட்டைப் பொத்தானைப் பிடித்தது, பிறகு விட்டது. கடிகாரம் சரியாக ஐந்தே முக்கால். ஜெயித்துவிட்டேன். பதினைந்து நிமிஷம் கையில் இருக்கிறது, ஒரே ஒரு நிமிஷம் கண்ணை மூடுவோம் என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது எட்டு பத்து.

குழந்தை என் நெஞ்சிலேயே இருந்தது. எதிரே, ஜன்னலோரத்திலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் பெரிய தாள். அதில் ஒரு கரடி, வயிறு மேலே தெரிய, வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது. அதன் நெஞ்சில் ஒரு குட்டி. கரடியின் பாக்கெட்டில் ஸ்ட்ரைக்கர்.

"எழுப்பியிருக்கலாமே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எழுப்பினா கரடி எந்திரிச்சிடும். பன்னெண்டாவது படம்ங்க. தூக்கம் வராத கரடி கடைசிப் பக்கத்துல தூங்கணும். பதினோரு நாளா நீங்க தூங்குவீங்களான்னு காத்துட்டிருக்கேன்."

மற்ற பதினொன்றையும் எடுத்து விரித்தாள். கரடி குளிப்பாட்டுகிறது. கரடி ஒரு சார்ட்டின் முன்னால் குட்டியுடன் நிற்கிறது. கரடியின் டீயில் இரண்டு ஆடை. மளிகை நோட்டில் எழுதப்பட்டது அத்தனையும் நான். பிற்பகல் நடையெல்லாம் தெருமுனை வரை போய், அப்படியே மாடியில் அக்காவின் துணி வெட்டுகிற மேஜையில் முடிந்திருக்கிறது. படங்கள் நன்றாக இருந்தன. சும்மா நன்றாக இருந்தன என்று சொல்லக்கூடாது, இதுவரை அவள் போட்டதிலேயே இவைதான் நல்லவை. அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

"கை மறக்கலைங்க. டீ சூடா குடிச்சதும் ஞாபகம் வந்துடுச்சு" என்றாள்.

பன்னிரண்டையும் இன்னொரு முறை வரிசையாகப் பார்த்தேன். பிறகு, ரெட்டு என்ன ஆனார் என்று கேட்டேன். வந்தாராம். என்னைப் பார்த்தாராம். ஆள் இல்லாமல் ஆட்டம் போய்விடுமே என்று தலையில் கை வைத்தாராம். குடும்பத்தில் ஒருவர் ஆடலாம் என்று விதி இருக்கிறதாம். உடனே மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்து, இவனுக்கு நான் அக்காதானே என்று கிளம்பிவிட்டாராம். முப்பது வருஷம் ஊசியில் நூல் கோத்த விரல். சிவப்பையும் அவரே போட்டு, எட்டு மணிக்கெல்லாம் ஜெயித்துவிட்டதாக ரெட்டு போன் செய்திருந்தார். இறுதி ஆட்டத்துக்கும் அக்காவே வரட்டும், உன்னை அலைக்கழிக்க வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னாராம். ரொம்ப நல்ல மனுஷன்.

திங்கட்கிழமை பன்னிரண்டு படமும் போயின. வியாழக்கிழமை பதிப்பகத்திலிருந்து போன். கரடியை எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம், அதே கரடியை வைத்து இன்னும் மூன்று புத்தகம் வேண்டுமாம். அவள் போனை வைத்துவிட்டு ஒரு புது சார்ட்டைச் சுவரில் ஒட்டினாள். சிவப்புக் கோட்டில் எட்டு எட்டு நிமிஷமாக நிறைய இடைவெளி, ஒவ்வொன்றிலும் 'சும்மா' என்று அழகாக எழுதியிருந்தாள். நீலக் கோட்டுக்குப் பக்கத்திலேயே, காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை, அறுபடாமல் ஒரு பச்சைக் கோடு.

"இதுல ஆறுல இருந்து எட்டு வரைக்கும்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் டீயை ஒரு மிடறு குடித்தாள், ஆவி பறந்தது.

"பச்சை மை பெரிய பாட்டிலாவே வாங்கிட்டேங்க."