கணேசமூர்த்தியின் கிராப்பு

படத்தில் சட்டை காய்ந்துவிட்டது. மீசை காய்ந்துவிட்டது. தலைமுடி மட்டும் காயவில்லை. தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டியது.

மந்தைவெளி மாதர் கலைச் சங்கத்தின் செயலாளர் தங்கபுஷ்பத்துக்கு இது பிடிபடவில்லை. மீசைக்கும் முடிக்கும் ஒரே கறுப்பைத்தான் ஒரே நாளில் பூசியிருந்தாள்.

படத்தில் இருப்பவர் கணேசமூர்த்தி. போன வருஷம் பஸ்ஸில் அடிபட்டு இறந்தவர். கோட்டூர்புரத்து வீட்டில் வெள்ளம் புகுந்தபோதே போட்டோக்களெல்லாம் போய்விட்டன. அவர் மனைவி ஜானகி சொல்லச் சொல்ல, சங்கத்துப் பெண்கள் கேட்டு வரைந்த முகம் இது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் கண்காட்சி. அன்றுதான் வருஷத் திதியும். படத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் மாலை போட வேண்டும்.

"அதுக்குள்ள காஞ்சிடுமாக்கா?" என்றாள் ஜானகி.

"காஞ்சிரும். நீ அழாத. எண்ணெய் வர்ணம் துணி மாதிரி ஈரம் போய்க் காயாது. அதுல இருக்கிற ஆளிவிதை எண்ணெய் காத்தைக் குடிச்சு இறுகணும். முடியில பூச்சு தடிச்சுப் போச்சு, அவ்வளவுதான்."

படத்தைச் சங்கத்து மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். கறுப்பு இளகி நெற்றியில் வழிந்தது.

"இன்னா தங்கம், அவருக்கு வேர்க்குதா?" என்றாள் ஜமீலுன்னிசா. அடுத்த வீட்டுக்காரி, சங்கத்துச் சாவி அவளிடம்தான் இருக்கும்.

வழிந்ததை டர்பன்டைனால் துடைத்தாள் தங்கபுஷ்பம். ஒரு புருவமும் கூடவே வந்துவிட்டது.

"புருவத்தையும் வழிச்சிட்டியா? அப்படியே மொட்டையடிச்சு காசிக்கு அனுப்பிடு!"

தங்கபுஷ்பம் பல்லைக் கடித்தாள். வர்ணங்களில் கறுப்பு மெதுவாகத்தான் இறுகும். வெள்ளை சீக்கிரம் இறுகும். புருவத்தைத் திரும்ப எழுதினாள். முடி முழுவதையும் சுரண்டிவிட்டு, மெல்லிசாக வெள்ளை பூசினாள்.

ஜானகி வந்து வெகுநேரம் படத்தையே பார்த்தாள்.

"கோவமா ஜானகி?"

"இல்லக்கா. முப்பத்தஞ்சுலயே போயிட்டாரு. நரைச்சா எப்படி இருப்பாருன்னு பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கல. இப்பப் பார்த்துட்டேன்."

தூரிகை கழுவுகிற சாக்கில் தங்கபுஷ்பம் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை தலையைத் தொட்டுப் பார்த்தாள். நரை முழுதும் விரலோடு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெள்ளைகூடக் காயலியே! செவுத்துல ஓதமா? கடல் காத்தா? அந்தப் பொண்ணு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

ஜமீலுன்னிசா வாசலில் நின்று யோசித்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"உங்கிட்ட சொல்லவேணாம்னு கையைப் புடிச்சிக்கினு கேட்டுச்சு, சொல்லல. இனிமே காத்தும் வேணாம், வெயிலும் வேணாம் தங்கம், ஒரு கண்ணாடி போட்டுடு. ஜானகி தெனம் சாயங்காலம் எங்கிட்ட சாவி வாங்கினு வந்து, புருசன் தலைக்குத் தேங்காயெண்ணெய் வெச்சுட்டுப் போவுது."