உங்கள் தங்கையின் கண் வளர்ந்த பெட்டி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்குப் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். உங்கள் தங்கைக்கு வலது கண் நலம். இக்கடிதம் இடது கண்ணைப் பற்றியது. அங்கு அனைவரும் இரு கண்ணும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சிங்க் அடைப்பு எடுக்கும் திராவகம் தெறித்ததைப் போனில் சொன்னேன். அதன் பிறகு நடந்ததைச் சொல்லத் தைரியம் வரவில்லை. கருவிழியின் ஓரத்தில் இருக்கும் ஸ்டெம் செல்கள்தான் அதன் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்குமாம், அவை கருகிவிட்டன. "நல்ல கண்ணோட ஓரத்துல எள்ளளவு எடுத்து, லேப்ல வளர்த்து, இதுல வைக்கலாம்" என்றார் டாக்டர். இரண்டு வாரம் ஆகும் என்றார்.

நான் தினமும் போய் ஆய்வகக் கண்ணாடி ஜன்னல் முன்னால் நின்றேன். உள்ளே உடம்பு முழுக்க வெள்ளை உடுப்புடன் ஒரு பெண். இடைவேளைக்கு அவர் வெளியே வந்ததும், "இன்னைக்குச் சாப்பிட்டுச்சா?" என்று கேட்பேன். "பழைய திரவத்தை எடுத்துட்டுப் புதுசு ஊத்தியாச்சு சார். செல் வளர்ற பெட்டியில முப்பத்தேழு டிகிரி சரியா இருக்கு" என்பார். பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பது வருடம் தர ஆய்வாளராக இருந்தவன் சும்மா இருப்பேனா? வெப்பநிலைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஒரு நாளுக்குரிய கட்டத்தில் கையெழுத்து விட்டுப்போனதைக் கண்டுபிடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து நானும் அங்கே உத்தியோகம் பார்ப்பதாகவே நினைப்பு.

ஒன்பதாம் நாள் வளர்ப்புத் தட்டு கலங்கிவிட்டது. கிருமி. அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று. முந்தின நாள்தான் யாரும் பார்க்காதபோது செருப்புக் காலோடு முதல் கதவைத் தாண்டியிருந்தேன். உளறிக்கொட்டி ஒப்புக்கொண்டேன். "சார், நீங்க வந்தது செருப்பு கழட்டுற ரூம். அங்கிருந்து இன்னும் மூணு கதவு இருக்கு. எடுத்த துண்டுலயே கிருமி இருந்திருக்கலாம், எங்க கைத்தப்பாவும் இருக்கலாம். எனக்கும் நேத்திலிருந்து சோறு இறங்கல" என்றார் அந்தப் பெண்.

மறுபடியும் நல்ல கண்ணிலிருந்து எடுக்க வேண்டும். உங்கள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுவும் போயிடாதே?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாம் முறை வளர்ந்தது. வைத்து நாற்பது நாள் ஆகிறது. இன்னும் பனி மூட்டமாகத்தான் தெரிகிறதாம்.

மைத்துனரே, கேன் ஒழுகியதால் அந்தத் திராவகத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தவன் நான். லேபிள் கோணலாக இருந்தால் ஒரு லாரிச் சரக்கையே திருப்பி அனுப்பியவன், அதில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டவில்லை. கடைக்காரன் அப்படிக் கொடுத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பார்வை முழுதாக வந்ததும் நானே சொல்வேன். அதுவரை நீங்கள் வர வேண்டாம். உங்களைப் பார்த்தால் அழுவாள், கண்ணுக்கு ஆகாது. பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

பதில் போட வேண்டாமென்று கேட்டுக்கொள்ளும்,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: அண்ணா, இதை எழுதுறது நான். கடிதத்தை ஒட்டாம மேசையில வச்சுட்டு இவர் ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கார். வலது கண்ணைப் பொத்திக்கிட்டு இடது கண்ணாலயே முழுக்கப் படிச்சேன். ஒரு மணி நேரம் ஆச்சு, ஆனா படிச்சேன். இந்த வீட்டுல நாங்க ரெண்டே பேர். பாட்டில்ல நான் ஊத்தலன்னா வேற யாரு? அன்னைக்கே தெரியும். கண்ணு சரியாச்சுன்னா சொல்லாமலே விட்டுடுவார்னு நினைச்சேன், அவரா சொல்லட்டும்னுதான் பனி மூட்டம்னு சொல்லிட்டிருக்கேன். நீங்க உடனே கிளம்பி வாங்க. அழப்போறது நானில்ல, அவரைத்தான் தேத்தணும்.