மனுக்காரர் வாங்காத வீடு

தன் சொந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கு எழுத்து மூலமாக அனுமதி கேட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் கள்ளக்குறிச்சியில் இருந்தார். அனுமதி கொடுத்த மடையன் நான்.

அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. பத்திரத்தில்தான் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அவர் மனுக்காரர். தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்ப மரத்தடியில் மடக்கு மேஜை போட்டு, பட்டா மாறவில்லை, பென்ஷன் வரவில்லை, வரப்பை நகர்த்திவிட்டான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பார். ஒரு மனுவுக்கு இரண்டு ரூபாய். அழுதுகொண்டு வந்தால் ஒரு ரூபாய். அதனால் கள்ளக்குறிச்சியில் பாதிப் பேர் அழுதுகொண்டேதான் வருவார்கள்.

நான் அப்போது ஒரு வீட்டுக் கடன் சங்கத்தில் குமாஸ்தா. வயது இருபத்து நாலு. ஒரு நாற்காலியும் ஒரு ரப்பர் முத்திரையும் கொடுத்துவிட்டதால் கலெக்டருக்கு அடுத்தபடி நான்தான் என்று நினைப்பு. மனுக்காரரின் வீடு எங்களிடம் அடமானத்தில் இருந்தது.

"வூடு உங்குளுது சார். நான் குடியிருக்கிறவன். காலண்டர் மாட்ட ஒரே ஒரு ஆணி அடிச்சிக்கலாமான்னு மனு போட்டிருக்கேன். பாத்து செய்யுங்க" என்று முதல் தடவை வந்து நின்றார்.

"ஐயா, அது உங்க வீடுங்க. ஆணி அடிங்க, ஆணியில நீங்களே கூட தொங்குங்க. எங்களுக்கு இன்னா?" என்றேன்.

"வாயால சொன்னா ஆவாது. எழுத்துல வேணும்."

சரி, கிழவருக்கு விளையாட்டுக் காட்டுவோம் என்று ஒரு தாளை எடுத்தேன். 'இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத ஆணி ஒன்று அடித்துக்கொள்ள இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்திக் கொடுத்தேன். டைப்பிஸ்ட் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினார். மனுக்காரர் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதிலிருந்து ஆரம்பித்தது. கொல்லையில் முருங்கை நட மனு. 'காய்ப்பில் அலுவலகத்துக்கும் ஒரு பங்கு உண்டு' என்று நான் உத்தரவு போட்டேன். அடுத்த வருஷத்திலிருந்து சனிக்கிழமை தவறாமல் ஒரு கட்டு முருங்கைக்காய் மேஜைக்கு வந்துவிட்டது. மாமியார் வந்து பத்து நாள் தங்க மனு. நான் நாலு நாள்தான் கொடுத்தேன். அஞ்சாவது நாள் காலையில் மாமியாரிடம் உத்தரவைப் படித்துக் காட்டி பஸ் ஏற்றிவிட்டார்! அந்த அம்மாள் போகிற வழியில் எங்கள் ஆபீஸ் வாசலில் இறங்கி, பெயர் தெரியாத என்னை ஊரே கேட்கும்படி ஏசிவிட்டுப் போனார். நான் பீரோவுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்யா இப்படி? விவரம் தெரிஞ்ச மனுஷன்தானே நீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இருவது வருசமா எழுதறேன் சார். மெட்ராஸ் வரைக்கும் மனு போயிருக்குது. ஒரு பய பதில் போட்டதில்ல. பதில் போட்ட ஆபீசு உங்க ஆபீசு ஒண்ணுதான்" என்றார்.

அன்றைக்காவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. டைப்பிஸ்ட் அம்மாவிடம் அதையும் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தேன்.

மனுக்காரரின் மனைவிக்குக் கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிக்கூடத்தில் வேலை. டீச்சர். கள்ளக்குறிச்சியிலிருந்து தினம் போய் வரக் கட்டாது. அதனால் அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மத்தியானம் இறங்கி வந்து, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார். கல்யாணம் ஆன நாளாய் இதுதான் குடித்தனம். வாரத்தில் ஒன்றரை நாள். குழந்தையும் இல்லை. மற்ற நாளெல்லாம் மனுக்காரர் தானே பொங்கி, தானே தின்று, பேச ஆளில்லாமல் எங்கள் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில், ஒரு வீடு விலைக்கு வந்தது. விற்கிறவர் ஒரு கரும்பு வியாபாரி. பஸ் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். அங்கே குடிபோய்விட்டால் டீச்சர் காலையில் மலையேறி, பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம். மனுக்காரர் தாலுகா ஆபீசுக்குப் போகவும் பஸ் உண்டு. "ஆயிரம் ரூவா அட்வான்சு குடுங்க, உங்க கள்ளக்குறிச்சி வூடு வித்ததும் மீதி குடுங்க" என்று வியாபாரியும் சொல்லிவிட்டார். கையில் ஆயிரமும் இருந்தது.

வேறு யாராயிருந்தாலும் அன்றைக்கே கொடுத்திருப்பார்கள். இவர் எங்கள் ஆபீசுக்கு மனுவோடு வந்தார். 'தங்களிடம் ஒரு வீடு அடமானத்தில் இருக்கையில், வேறொரு வீட்டுக்கு முன்பணம் தர அனுமதிக்க வேண்டுகிறேன்.'

செக்ரட்டரி அன்று லீவு. மழைத் தூறல். ஆபீசில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மனுவைப் பார்த்ததும் குஷி பிறந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் எழுதினேன்: 'அனுமதி இல்லை. கடன் முழுவதையும் முன்கூட்டியே அடைத்து, பத்திரத்தைத் திரும்பப் பெற்ற பின்னரே வேறு வீடு குறித்து விண்ணப்பிக்கலாம்.' குத்தினேன் முத்திரையை.

வழக்கம்போல இரண்டு நாளில் வந்து புலம்புவார், அப்போது சிரித்துக்கொண்டே கிழித்துப் போடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் வரவில்லை. ஒரு வாரத்தில் நான் மறந்தே போனேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மஞ்சள் பையோடு வந்தார். இன்னும் ஆறு வருஷம் கட்ட வேண்டிய கடன். முழுப் பணமும் பைக்குள் இருந்தது. தியாகதுருகத்தில் அவர் அப்பா விட்டுப்போன அரைக் காணி நிலம் போயிருந்தது. டீச்சரின் நாலு வளையல் போயிருந்தது. வைத்திருந்த அந்த ஆயிரமும் அதற்குள்ளேயே இருந்தது.

"உங்க உத்தரவு பிரகாரம் அடைச்சிட்டேன் சார். வளையல கேட்டதும் டீச்சர் கயட்டி குடுத்துட்டு, 'இனிமே தெனம் ஒண்ணா சாப்புடலாம் இல்ல?'ன்னு கேட்டுது" என்றார்.

செக்ரட்டரி எழுந்து வந்து, வட்டி எவ்வளவு மிச்சம் தெரியுமா, இப்படி அல்லவா கடன் அடைக்க வேண்டும் என்று அவருக்குக் கை கொடுத்தார். நான் தலையைத் தூக்கவில்லை.

பத்திரம் கடலூர்த் தலைமை ஆபீசிலிருந்து வர வேண்டும். அது வர ஒரு மாதம் ஆனாலும் ஆகும். அவரைத் தனியாகத் தாலுகா ஆபீஸ் வேப்ப மரத்தடிக்கு இழுத்துப் போனேன்.

"ஐயா, பத்திரத்துக்கெல்லாம் காத்திருக்க வேணாம். இப்பவே போய் அட்வான்ஸ் குடுங்க. பணம் நான் தரேன்."

"உத்தரவுல அப்டி இல்லியே சார்."

"உத்தரவு மாறிப்போச்சுங்க."

"அப்ப எழுத்துல குடுங்க."

அட கடவுளே! அந்த மரத்தடியிலேயே, அவர் மடக்கு மேஜையிலேயே, அவர் பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தேன். ஓடிப்போய் முத்திரையும் குத்திக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வரி. எனக்கு வாய் வரவில்லை. டைப்பிஸ்ட் அம்மாவிடம் கடன் வாங்கி ஆயிரம் ரூபாய் சேர்த்து, விடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு.

விடிந்தால் பஸ் இல்லை. இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். மாவட்டம் முழுக்க ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நாய்தான் படுத்திருந்தது. நான் விடவில்லை. ஆளுக்கொரு சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். கொஞ்ச தூரம் மிதிப்போம், ஒரு புளியமரம் கிடக்கும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போவோம். மறுபடியும் மிதிப்போம், மறுபடியும் புளியமரம்.

பாதி வழியில் இருபது முப்பது பேர் மறித்தார்கள். "எங்க போறீங்க? திரும்புங்க!" என்றான் முன்னால் நின்றவன். அவன் கையில் ஒரு கோரிக்கை மனு இருந்தது. மனுக்காரரின் கண் அதில்தான் நின்றது.

"இத்த யாரு எழுதனது? 'கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்'னு போட்டுகினு கீறீங்க. உரிமைய எவனாவது கெஞ்சிக் கேப்பானா? குடு இங்க."

வெட்டிப் போட்ட மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம். நான் பக்கத்தில் நின்று தவித்துக்கொண்டிருந்தேன். எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டியதும் கைதட்டினார்கள். எங்கள் இரண்டு சைக்கிளையும் அவர்களே தூக்கி அடுத்த மூன்று மரம் தாண்டி வைத்துவிட்டுப் போனார்கள். "நம்ம கிட்ட நாயம் கீது சார், நல்லா எழுதத்தான் ஆளு இல்ல" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

கச்சிராயபாளையம் போய்ச் சேர உச்சி வேளை தாண்டிவிட்டது. வியாபாரி வீட்டு வாசலிலேயே நின்றார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாங்க இவ்ளோ நாளு? மூணு மாசமா வழி பாத்துக்கினு இருந்தேன். முந்தாநேத்துதான் வேற ஒருத்தர் கிட்ட கை நீட்டி அட்வான்சு வாங்கிட்டேன். ஒரு அம்பது ரூவா குடுத்து வச்சிருந்தா கூட வேற ஆளுக்கு வாய் தொறந்திருக்க மாட்டேனே!"

"கடன் தீராம அட்வான்சு குடுக்கக் கூடாதுன்னு ரூலுங்க" என்றார் மனுக்காரர்.

"எந்த ஊர்ல கீது அந்த ரூலு?"

மனுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சைக்கிள் செயினைக் குனிந்து பார்த்தேன். செயின் நன்றாகத்தான் இருந்தது.

பஸ் ஓட ஆரம்பித்து டீச்சர் மலையிலிருந்து இறங்கி வந்தபோது, அந்த வீடும் இல்லை, நிலமும் இல்லை, வளையலும் இல்லை. கடன் இல்லாத பழைய வீட்டுப் பத்திரம் ஒன்று மட்டும் கடலூரிலிருந்து வர இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் விலை ஏறிவிட்டது. ரிடையர் ஆகிற வரைக்கும் இன்னும் ஒன்பது வருஷம் டீச்சர் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினார். என் இரண்டு வரி விளையாட்டுக்கு ஒன்பது வருஷம்.

ஒரு வருஷம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில், டீச்சரை ஏற்றிவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்த மனுக்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அப்படி ஒரு ரூல் இல்லை, ஆணியும் முருங்கையும் போல அதுவும் விளையாட்டு என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டு, முதல் தடவையாக என்னைத் தம்பி என்று கூப்பிட்டார்.

"தம்பி, இத்த டீச்சர் கிட்ட சொல்லிடாத. அது ஆபீசு ரூலுன்னு நெனச்சிக்கினு கீது. ஆபீச எவ்ளோ வேணா திட்டிக்கலாம், ஆறிடும். நீதான்னு தெரிஞ்சா உன்ன வூட்டுக்குள்ள சேக்காது. எனக்கும் வாரத்துல அஞ்சு நாளு பேச ஆளு வேணும் இல்ல?"

அதற்குப் பிறகும் வார நாளில் அவர் ஆபீசுக்கு வருவார்; நான் அவர் வீட்டுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. டீச்சர் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பேச்சோடு பேச்சாக அந்த வீட்டை இழுப்பார். "அந்த உத்தரவு போட்டவன் நல்லா இருப்பானா தம்பி? அவன் பொண்டாட்டி புள்ளயோட ஒரு வேள ஒண்ணா உக்காந்து சாப்புடுவானா?" என்பார். உடனே மனுக்காரர், "டீ ஆறிப்போச்சு பாரு, சூடு பண்ணிக் குடு" என்றோ, "அரிசி வெல ஏறிப்போச்சாமே" என்றோ பேச்சை வெட்டிவிடுவார். பல வருஷம், ஒரு தடவைகூடத் தவறாமல், என்னைப் பார்க்காமலே அதைச் செய்தார்.

மனுக்காரர் போன ஆடியில் காலமானார். நான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். டீச்சர் திட்ட ஆரம்பித்தால் பேச்சை மாற்ற அந்த வீட்டில் ஆள் இல்லை. முழுசும் கேட்டுவிட்டு வருகிறேன்.