அடித்த எண்ணும் கூடிவிட்டது, மாமா

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளை பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மகளும் பேத்தியும் நலம். நானும் உடம்பளவில் நலம். அத்தையின் கால்வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லை, போனிலோ என் குரலே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் கடிதமாக எழுதுகிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

மாமா, நான் இப்போது விஞ்ஞானி இல்லை. எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தை மூடிப் பத்து மாதம் ஆகிறது. பதினாறு வருடம் கோதுமை இலையில் வரும் பூஞ்சையைப் பார்த்துக்கொண்டிருந்தவனை, அந்தப் பூஞ்சையில் இனி யாருக்கும் அக்கறை இல்லை என்று ஒரு பக்கக் காகிதத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போனில் நீங்கள் "லேப்ல என்ன விசேஷம் மாப்பிள்ளை?" என்று கேட்கும்போதெல்லாம் "நல்லா போய்க்கிட்டிருக்கு மாமா" என்றேனே, அத்தனையும் பொய். போன தடவை நீங்கள் வந்திருந்தபோது வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை திரும்பியதும் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் மாப்பிள்ளை விஞ்ஞானி" என்று சொல்லிப் பூரித்துப்போகும் உங்களிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

வேலை போனதும் டேட்டா அனலிஸ்ட் ஆகிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எண்களைப் பார்த்து இன்னது நடந்தது, இன்னது நடக்கும் என்று கம்பெனிக்குச் சொல்கிற வேலை. கணினி வழியாக மூன்று மாதம் படித்தேன். சொல்லிக்கொடுத்தவருக்கு என்னைவிட இருபது வயது குறைவு. அவர் "ரொம்ப ஈஸி" என்று சொல்லும்போதெல்லாம் நான் அதை மூன்று முறை எழுதிப் பார்த்துக்கொள்வேன். கடைசியில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே எனக்குப் பெயர் பூஞ்சை சார். முதல் நாள் மேனேஜர், சின்னப் பெண், மரியாதை தெரிந்தவள், "சார், போன வாரம் எவ்வளவு ரொட்டி போச்சுன்னு பத்து நிமிஷத்துல பாத்துச் சொல்றீங்களா?" என்றாள். மூன்று முறை திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆறு வாரம் வேண்டும் என்றேன். அவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "சார், ஆறு வாரத்துல ரொட்டி கெட்டுடும்" என்றாள். நியாயம்தானே.

அடுத்தது கேளுங்கள். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எழுதிய எண்ணை அழிப்பது பெரிய குற்றம். தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, கீழே சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். பதினாறு வருடப் பழக்கம் மூன்று மாதத்தில் போகுமா? எந்தக் கடைக்கு எவ்வளவு ரொட்டி என்ற எக்செல் ஷீட்டை என்னிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஐம்பத்து மூன்று கடைகளுக்குப் பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்து, கீழே புது எண்ணைப் போட்டு, பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்தையும் தேதியையும் போட்டேன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஆனால் மாமா, கணினி அந்தக் கோட்டை மதிக்கவில்லை. அடித்ததையும் கூட்டியது, அடிக்காததையும் கூட்டியது. வியாழக்கிழமை ஐம்பத்து மூன்று கடைகளுக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு ரொட்டி போய் இறங்கியது. வேன் டிரைவர் திரும்பி வந்து, "ஒரு கடைக்காரர் உக்கார்ற நாற்காலியிலயும் ரொட்டிய அடுக்கிட்டு நின்னுக்கிட்டே வியாபாரம் பண்றாரு சார்" என்றார். நான் சிரிக்கவில்லை. வேறு சிலர் சிரித்தார்கள்.

விற்காததெல்லாம் சில நாள் கழித்துத் திரும்பி வந்தது, பூஞ்சையோடு. அதற்கப்புறம் நான் செய்ததுதான் மன்னிக்க முடியாதது. கிடங்கில் அந்தப் பெட்டிகளைத் திறந்ததும் எனக்குத் துக்கம் வரவில்லை மாமா, சந்தோஷம் வந்தது. பச்சையில் இரண்டு வகை; கறுப்பில் ஒன்று, குண்டூசித் தலை தலையாக. மண்டியிட்டு உட்கார்ந்து, சுமை இறக்குகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, இது எங்கிருந்து வருகிறது, எப்படிப் பரவுகிறது என்று இருபது நிமிடம் விளக்கினேன். பத்து மாதத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பேசியது அன்றைக்குத்தான். திரும்பிப் பார்த்தால் மேனேஜர் நிற்கிறாள். "சார், இதெல்லாம் உங்க ஷீட்டால வந்த ரொட்டி" என்றாள். அவள் திட்டியிருக்கலாம். திட்டாதது இன்னும் வலித்தது.

ஆகவே திங்கட்கிழமை ராஜினாமா கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். வருகிற ஞாயிறு உங்கள் நண்பர் தலைமையாசிரியரை, என் லேபைக் காட்ட அழைத்து வருவதாகச் சொன்னீர்கள். காட்ட லேப் இல்லை, மாமா. தயவுசெய்து வர வேண்டாம். அத்தைக்கு என் நமஸ்காரங்கள். சிறியவன் செய்த பிழையைப் பொறுத்து ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையில் முகவரி எழுத வந்த உங்கள் மகள், கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "ஏங்க, லேப் மூடினது அப்பாவுக்கு முதல் வாரமே தெரியும். நான்தான் சொன்னேன். ரொட்டிக் கதையையும் அப்பப்ப சொல்லிட்டேன்." பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் லேபைப் பற்றிக் கேட்டார் என்றேன். "நீங்களா சொல்றதுக்கு வழி விட்டுக்கிட்டே இருந்தாருங்க" என்றாள். மாமா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அவள் ராஜினாமா இருக்கும் பத்திக்கு வந்து சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அந்தப் பொண்ணு உங்கள வேலைய விட்டுப் போகச் சொன்னாளா?" இல்லை என்றேன். "பின்ன என்ன சொன்னா?" திங்கட்கிழமையிலிருந்து ரொட்டி ஷீட்டோடு பன் ஷீட்டையும் பார்க்கச் சொன்னாள் என்றேன். "அப்ப போயிப் பாருங்க" என்றாள். ஆகவே மேலே எழுதியதில் உங்களுக்குத் தெரியாதது ராஜினாமா ஒன்றுதான். அதுவும் இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். தலைமையாசிரியர் என்னிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம் மாமா. நானே சொல்கிறேன்.