எதிரெதிரே இரண்டு நாற்காலி

எண்பத்தோராம் வருஷம், பொங்கல் கழிந்த வாரம், நான் ஒரு மகா தீர்மானம் செய்தேன். இனிமேல் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, என் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில், என் சொந்த மனைவியோடு உட்கார்ந்து காபி குடிப்பது.

சிரிக்காதீர்கள். பதினோரு வருஷம் சுரங்கத்தில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தவனுக்கு இது பேராசை. நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் தண்ணீர் பிடிக்கப் போவாள். அவள் சோறு வடிக்கும்போது நான் குறட்டை விடுவேன். பதினோரு வருஷத்தில் நாங்கள் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு தபால் கார்டு போதும். அதிலும் பாதி, "டிபன் கேரியர் மூடி எங்கே?" என்பதாகத்தான் இருக்கும். இப்போது கடவுள் புண்ணியத்தில் எனக்கு ஜெனரல் ஷிப்டு கிடைத்துவிட்டது. கன்வேயர் பெல்ட் பிரிவில் போர்மேன். மணி அடித்தால் சைக்கிள், சைக்கிளை மிதித்தால் ஐந்து மணிக்கு வீடு.

வீட்டுக்கு வந்தேன். விஜயகுமாரி இல்லை. பின்பக்கம் மாட்டிடம் இருந்தாள்.

அந்த மாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் ஷிப்டு ஷிப்டாக அலைந்துகொண்டிருந்த ஒரு வருஷம், அவள் காடாம்புலியூரிலிருந்து ஒரு சிவப்புப் பசுவை ஓட்டி வரச் செய்திருந்தாள். எங்கள் தோட்டத்தில் இருப்பது ஒரே ஒரு வேப்பமரம். அதன் அடியில் நாலு கம்பு நட்டுக் கீற்றுப் போட்டு அதற்குக் கொட்டகை. நிழல் மாட்டுக்கு. எனக்கு வெயில். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கறவை. ஐந்தே காலுக்கு எங்கள் பிளாக்குப் பெண்கள் பாத்திரத்தோடு வருவார்கள். ஆறரை வரைக்கும் பேச்சு. அதில் எனக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

இந்த நிலையில்தான் ஒரு பைலைக் கொடுக்கப் பெரிய இன்ஜினீயர் பங்களாவுக்குப் போனேன். புல்தரை. பிரம்பு நாற்காலி இரண்டு. ஒன்றில் அவர், எதிரே அவர் சம்சாரம். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பொறாமையில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சலூனில் ஒரு பழைய வாரப் பத்திரிகை அகப்பட்டது. 'வீட்டுக்கு வெளியே ஒரு வரவேற்பறை' என்று ஒரு கட்டுரை. தோட்டம் என்றால் துணி காயப்போடும் இடமில்லையாம். நிழல் வேண்டுமாம். காலுக்குச் சுகமாகத் தரை வேண்டுமாம். தெருவில் போகிறவர் கண் படாமல் ஒரு கொடி மறைப்பு வேண்டுமாம். நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் எதிரெதிரே போட்டால் தம்பதிகளுக்குள் பேச்சு தானாக வளருமாம். சலூன்காரர் கண்ணாடியைத் துடைக்கத் திரும்பிய நேரம், அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"விஜயா, அந்த வேப்பமரத்தடி எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"உட்கார."

"அப்ப மாட்டை எங்க கட்டறது? உங்க மடியிலயா?"

"நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசறதுக்குக் கேக்கறேன்."

"பேசணும்னா இப்பவே பேசுங்க. கேட்டுக்கிட்டே சாணி அள்ளறேன்."

எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. அவள் சாணியை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மரத்தடி இல்லையென்றால் போகட்டும் என்று எதிர் மூலையில் வேலையை ஆரம்பித்தேன். சவுக்குக் கம்பு நட்டுப் பந்தல். பக்கத்துக் கிராமம் வடக்குத்திலிருந்து கொத்தனாரை அழைத்து வந்து சிமென்டுத் தரை. மழைத் தண்ணீர் தேங்கக்கூடாது, ஒரு பக்கம் சரிவு இருக்க வேண்டும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அவர் நூல் பிடித்துச் சரிவு வைத்து, ஓரத்தில் ஒரு வாய்க்காலும் விட்டார். தெருப்பக்கம் மூங்கில் தட்டி, அதன் மேல் சங்குப்பூக் கொடி. வீட்டிலிருந்து பந்தல் வரைக்கும் நடைபாதைக்கு, ஏலத்தில் எடுத்த பழைய கன்வேயர் பெல்ட்டை விரித்தேன். பதினோரு வருஷம் நான் காவல் காத்த பெல்ட், இனி என் காலடியில் கிடக்கட்டும் என்ற அற்ப சந்தோஷம்தான். சித்திரை வெயிலில் அது அடுப்புக் கல்லாகக் கொதிக்கும் என்று பத்திரிகைக்காரன் எழுதவில்லை. முதல் நாள் வெறுங்காலோடு நடந்தேன். பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் நடந்து வரவில்லை, குதித்து வந்திருந்தேன்.

பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். பண்ருட்டிப் பக்கத்துக்காரி. மனத்தில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"என்னா சார், பந்தலு போட்டுகினு இருக்கீங்க? வூட்ல விசேஷமா?"

"விசேஷம் ஒண்ணுமில்லீங்க. நானும் விஜயாவும் உட்காரப் போறோம்."

"உக்காரப் போறீங்களா? அதுக்கா பந்தலு?" என்றவள், உள்ளே திரும்பிக் கூப்பிட்டுச் சொன்னாள். "இங்க வந்து பாரேன், சங்கரலிங்கம் சாரு பொண்டாட்டியோட உக்காரப் போறாராம்!"

பிரம்பு நாற்காலி இரண்டு வாங்கி எதிரெதிரே போட்டேன். ஐந்து மணி. ஒன்றில் நான். ஐந்தேகால். எதிர் நாற்காலியில் விருத்தாம்பாள், மடியில் பால் பாத்திரத்தோடு.

"நல்லாத்தான் கீது சார். முதுகுக்கு இதமா கீது."

ஒரு மாதம் அந்த நாற்காலியில் பிளாக்கே உட்கார்ந்து எழுந்தது. விஜயகுமாரி மட்டும் உட்காரவில்லை. ஒருநாள் கெஞ்சிக் கூப்பிட்டேன். வந்தாள், நின்றாள், நாற்காலியின் கையில் பட்டிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள், "கன்னுக்குட்டி அவுத்துக்கிச்சு" என்று ஓடிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, பெர்மனென்ட் எம்ப்ளாயி, ஒரு மாட்டிடம் தோற்றுப்போனேன் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

அப்போதுதான் எனக்கு டவுன்ஷிப் மூளை வேலை செய்தது. எங்கள் ஊரில் ஒருவருக்கு ஒருவர் மேல் கோபம் வந்தால் சட்டையைப் பிடிக்க மாட்டோம். பெயர் போடாமல் மொட்டை மனு போடுவோம். பக்கத்து பிளாக்கில் கோழி கூவினால் மனு. முருங்கைக் கிளை மதில் தாண்டினால் மனு. ஆனால் தன் வீட்டின் மேலேயே மொட்டை மனு போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எழுத்து தெரிந்துவிடக் கூடாதென்று இடது கையால் எழுதினேன். 'மேற்படி குவார்ட்டர்ஸில் வசிக்கும் சங்கரலிங்கம் என்பவர் சுகாதாரக் கேடான மாட்டுக் கொட்டகை வைத்திருக்கிறார். ஈ, கொசு, நாற்றம் தாங்க முடியவில்லை.' இதோடு நிறுத்தியிருக்கலாம். எழுத எழுத எனக்கே என் மேல் ஆத்திரம் பொங்கியது. 'மேற்படியார் பொறுப்பில்லாதவர். மனைவிக்குப் பயந்தவர். ஆகவே அவரிடம் நேரில் சொல்லிப் பயனில்லை' என்றும் சேர்த்தேன். இப்படிக்கு, பாதிக்கப்பட்ட ஓர் ஊழியர். அதில் மட்டும் பொய்யே இல்லை.

பத்தாம் நாள் டவுன்ஷிப் ஆபீஸிலிருந்து கலியமூர்த்தி வந்தார். சைக்கிள், அளக்கிற டேப், கையில் பைல். நல்ல மனிதர். மரியாதை தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை, நானும் இருந்தேன்.

விஜயகுமாரி அவரைப் பந்தலுக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். டம்ளர் நிறையக் காபி கொடுத்தாள். பசும்பால், அடுப்பில் சுண்டச் சுண்டக் காய்ச்சியது. கலியமூர்த்தி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். என் வழக்கு அந்த ஒரு வாயிலேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"ஒரு மனு வந்திருக்குதும்மா. படிச்சுக் காட்டணும்னு முறை. தப்பா எடுத்துக்காதீங்க" என்று சத்தமாகப் படித்தார். 'மனைவிக்குப் பயந்தவர்' வந்தபோது தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அதை இன்னொரு தடவை படிங்க" என்றாள் அவள்.

படித்தார்.

"எழுதினவருக்கு நம்ம வீட்டு விவரமெல்லாம் நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

கலியமூர்த்தி எழுந்து மரத்தடிக் கொட்டகையைப் பார்த்தார். மண் தரை, சேறு, ஈ. தலையை ஆட்டினார். "இது கூடாதும்மா. எடுத்துடணும்." என் நெஞ்சு குளிர்ந்தது. பிறகு திரும்பி வந்து என் பந்தலைப் பார்த்தார். டேப்பை நீட்டி அளந்தார். "சார், இந்த சிமென்டுத் தரைக்கு பெர்மிஷன் வாங்கினீங்களா?"

"உட்கார்றதுக்குத்தானே..."

"உட்கார்றதுக்குன்னா இதையும் இடிச்சுடணும் சார்."

"மாட்டுக்குன்னா?" என்றாள் விஜயகுமாரி.

"மாட்டுக்குன்னா உண்டும்மா. மாடு வெச்சுக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல யாரும் சொல்லலியே. தரை சிமென்டா இருக்கணும், கழுவுனா தண்ணி ஓடச் சரிவு இருக்கணும், நிழலா இருக்கணும், தெருவுல இருந்து பார்த்தா தெரியாம மறைப்பு இருக்கணும். அவ்வளவுதான்." குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். தட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, எல்லாம் கணக்கா கட்டியிருக்கீங்களே! நான் இன்ஸ்பெக்ஷன் போன எடத்துல இந்த மாதிரி ஒரு மாட்டுக் கொட்டாய பார்த்ததே இல்ல சார். குளம்பு வழுக்காம இருக்க ரப்பர் பெல்ட்டு கூட வாங்கிப் போட்டிருக்கீங்க!"

"அதெல்லாம் அவரா யோசிச்சு யோசிச்சுச் செஞ்சதுங்க" என்றாள்.

"சொல்லுங்க சார், மாட்டுக்குத்தானே கட்டுனீங்க?"

இல்லையென்றால் இடிப்பு. ஆமாமென்றால் மாடு. ஒரு பக்கம் கலியமூர்த்தியின் பேனா காத்திருந்தது. இன்னொரு பக்கம் விஜயகுமாரியின் கண் காத்திருந்தது.

"மாட்டுக்குத்தான்" என்றேன்.

"வாயால சொன்னா போதாது சார். மனுவுக்கு பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க" என்று ஒரு தாளை நீட்டினார்.

அவள் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல, நான் எழுதினேன்.

"மேற்படி மனுவை எழுதினவர் வேலையத்தவர்னு போடுங்க."

போட்டேன்.

"முகத்துக்கு நேரா சொல்லத் தைரியமில்லாத கோழைன்னு போடுங்க."

"அது வேண்டாமே விஜயா."

"ஏன், அவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

போட்டேன். அடியில் கையெழுத்தும் போட்டேன். ஒருவன் இடது கையால் ஒரு தடவை, வலது கையால் ஒரு தடவை தன்னைத்தானே திட்டிக்கொண்டு, இரண்டும் ஒரே பைலில் போய்ச் சேர்ந்தது எங்கள் ஆபீஸில் அதுதான் முதல் தடவை.

கலியமூர்த்தி சைக்கிளேறிப் போன பிறகு, அவள் காபி டம்ளரைக் கழுவினாள்.

"அன்னிக்கு உங்க இடது கை விரலெல்லாம் மை. கேட்டா பேனா ஒழுகுச்சின்னீங்க" என்றாள்.

நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"பதினோரு வருஷம் நீங்க சுரங்கத்துக்கும் தூக்கத்துக்குமா ஓடினீங்க. தப்புன்னு சொல்லலை. சோத்துக்குத்தான் ஓடினீங்க. ஆனா நான் யார்கிட்டப் பேசினேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? இதுகிட்டத்தான் பேசினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கும். இப்ப உங்களுக்கு ஜெனரல் ஷிப்டு வந்ததும் இதைத் துரத்தணுமா?"

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு மாட்டின் மேல்தான் கோபம் வந்தது.

மறுநாளே மாடு பந்தலுக்குக் குடியேறியது. பெல்ட்டை அறுத்து அதன் காலடியில் விரித்தாயிற்று. சங்குப்பூக் கொடியை எட்டின மட்டும் தின்றுவிட்டது. மீதி உயரத்தில் நீலமாகப் பூத்துக்கொண்டிருக்கிறது. காலியான வேப்பமரத்தடி எனக்கு வந்தது. "அந்த இடத்தைத்தானே கேட்டீங்க?" என்றாள். சாணி ஊறின மண் காய இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்கிறாள் விருத்தாம்பாள். அதுவரை அங்கே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு ஈ ஓட்டுகிறேன்.

பந்தலில் நாற்காலி அப்படியே இருக்கிறது. மாடு வந்த அன்று ஐந்து மணிக்கு, கறவைக்கு முன்னால், விஜயகுமாரி முதல் தடவையாக அதில் உட்கார்ந்தாள். சாய்ந்தே உட்கார்ந்தாள். எதிரே மாடு. இப்போது தினமும் அவள் காபியை உறிஞ்சிக்கொண்டே என்னவோ சொல்ல, அது தலையை ஆட்டுகிறது. பத்திரிகைக்காரன் எழுதினது பொய்யில்லை, எதிரெதிரே இருந்தால் பேச்சு தானாக வளரத்தான் செய்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. முந்தாநாள் கூச்சத்தை விட்டு, என் டம்ளரையும் எடுத்துக்கொண்டு மெல்லப் பந்தலுக்குப் போனேன். இன்னொரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன். மாடு வைக்கோலை விட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

அவள் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் அவ்வளவு இதமாகப் பேசியது அன்றைக்குத்தான்:

"கொஞ்சம் தள்ளிப் போயிடுங்க, கறக்கற நேரம். வேத்து ஆளைப் பார்த்தா இது பாலை அடக்கிக்கும்."